காலையில் புழு, மாலையில் வரலாறு

காலேஜில் இடம் கிடைத்துவிட்டது என்று ஊருக்குப் போன் செய்து சொன்னபோது பெரியம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "பொண்ணுக்கு அதுக்குள்ள பன்னண்டாவது முடிஞ்சிருச்சா?" என்றார். மகள் அப்போது எட்டாவதுதான் படித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு இல்லை பெரியம்மா, எனக்கு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, உடம்பைப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அறந்தாங்கிப் பக்கம் பிறந்து, பி.காம். முடித்து, கல்யாணமாகிக் கலிஃபோர்னியா வந்து, விசா மாறி, கிரீன் கார்டு கைக்கு வந்து சேர்வதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. இனி என்ன செய்யலாம் என்று யோசித்தபோது நர்சிங் என்று தோன்றியது. மாமனார் இங்கே வந்திருந்த சமயம் மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜ் என்றார். "பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் நான் ஆரம்பித்தேன்" என்றும் சொன்னார். அந்த வார்த்தை மண்டையில் உட்கார்ந்துகொண்டது.

கம்யூனிட்டி காலேஜ் என்பதற்குச் சரியான இணை நம் ஊரில் இல்லை. பாலிடெக்னிக் மாதிரியும் இருக்கும், கலைக் கல்லூரி மாதிரியும் இருக்கும், மாலை நேர டுட்டோரியல் மாதிரியும் இருக்கும். நுழைவுத் தேர்வு கிடையாது. பதினெட்டு வயதானால் போதும், கதவு திறந்திருக்கும். இரண்டு வருடம் படித்து ஒரு பட்டம் வாங்கலாம், அல்லது அந்தப் பாடங்களை எடுத்துக்கொண்டு பெரிய பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படி 116 கல்லூரிகள், ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள். பாடத்தின் அளவை யூனிட் என்ற கணக்கில் சொல்வார்கள். மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து அதே விலைதான். முட்டை, பெட்ரோல், வீட்டு வாடகை எல்லாம் எங்கேயோ போய்விட்டன, இது மட்டும் அப்படியே நிற்கிறது. 1984 வரை அந்தக் கட்டணமும் இல்லாமல் இலவசமாகவே நடத்தியிருக்கிறார்கள்.

ஆனால் இங்குள்ள நம்மவர்கள் வட்டத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பொங்கல் விழாவில் ஒருவர், "கம்யூனிட்டி காலேஜா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார், ஏதோ வீட்டில் நடந்த துக்கத்தை விசாரிப்பதுபோல. மார்க் வராத பிள்ளை போகிற இடம் என்பது அவர்கள் கணக்கு. நானும் வருவதற்கு முன் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் பாடம் உடற்கூறியல். என் மேசையில் நான்கு பேர். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து நேராக வகுப்புக்கு வரும் பிலிப்பினோ அக்கா ஒருவர், ராணுவத்திலிருந்து வந்த ஒரு பையன், பள்ளியை அப்போதுதான் முடித்த பத்தொன்பது வயதுப் பெண், நான். நடுவில் ஒரு பெட்டி நிறைய எலும்பு. பிளாஸ்டிக் என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். சில உண்மையானவை என்று லேப் ஆசிரியர் சொன்னதும் கை தானாகப் பெட்டிக்குள் போட்டுவிட்டது. பிலிப்பினோ அக்கா சிரித்துவிட்டு அதை எடுத்துத் துடைத்து, பக்குவமாக என் உள்ளங்கையில் வைத்தார்.

எலும்புத் தேர்வு எப்படி நடக்கும் என்று சொல்லியாக வேண்டும். அறையைச் சுற்றி மேசை மேசையாக எலும்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர். ஒரு மேசைக்கு ஒரு நிமிடம். மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும், திரும்பிப் போக முடியாது. எலும்பின் பெயர் மட்டும் போதாது, இடதா வலதா என்றும் எழுத வேண்டும், எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் போகும். காறை எலும்பு வந்தபோது எனக்கு இடம் வலம் குழம்பிவிட்டது. என் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே மணி அடித்துவிட்டது. அந்தத் தேர்வில் நூற்றுக்கு 58. காருக்குள் உட்கார்ந்து அழுதேன். மகள் அன்று இரவு தன் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எலும்புகளை வரையச் சொல்லி, "அம்மா, இதுல எது லெஃப்ட்?" என்று என்னைக் கேள்வி கேட்டாள். அடுத்த தேர்வில் 91.

நர்சிங் சேர்க்கைக்கு முன் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றையும் முடித்திருக்க வேண்டும். அது தெரிந்ததுதான். கல்விக் கவுன்சிலர் என் திட்டத்தைப் பார்த்துவிட்டு, "அமெரிக்க வரலாறு எடுக்கவில்லையே?" என்றபோதுதான் எரிச்சல் வந்தது. ஊசி போடுவதற்கும் ஆபிரகாம் லிங்கனுக்கும் என்ன சம்பந்தம்? பட்டம் வேண்டுமென்றால் வரலாறோ ஆட்சியியலோ ஒன்று கட்டாயமாம். மூன்று யூனிட், 138 டாலர். கிடைத்த நேரம் புதன்கிழமை மாலை ஆறு மணி. அதே புதன்கிழமை காலையில் நுண்ணுயிரியல் லேப். இந்த அட்டவணை தற்செயல்தான், ஆனால் இந்தக் கட்டுரையே அதனால்தான் எழுதுகிறேன்.

நுண்ணுயிரியல் லேபில் பாக்டீரியாக்கள் முடிந்து ஒட்டுண்ணிப் புழுக்கள் வந்த வாரம். தயார் செய்யப்பட்ட கண்ணாடிச் சில்லுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து வரைய வேண்டும். மூன்றாவது சில்லு கொக்கிப்புழு. முழுப்புழு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். அதன் வாயைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆன்சைலோஸ்டோமா என்கிற வகைக்கு வாய்க்குள் உண்மையிலேயே பற்கள் மாதிரி இரண்டு ஜோடி தெரிகிறது. நெகேட்டர் என்கிற இன்னொரு வகைக்குப் பல் இல்லை, வெட்டுத் தகடு. இதை வைத்துக் குடல் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கிறது.

அது உள்ளே வருகிற வழி இன்னும் அதிசயம். மலத்தோடு மண்ணில் விழும் முட்டையிலிருந்து வரும் குட்டிப்புழு, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து நுழைகிறது. ரத்தத்தில் மிதந்து நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, அங்கே விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்கிறது. ஊரில் கொல்லைக்கு வெறுங்காலோடு ஓடிய காலையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. மாதம் ஒருமுறை அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்துச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, விடிந்தும் விடியாமலும் வாயில் திணிப்பார். அழுதால் கொஞ்சம் சர்க்கரை. வயிறு வலித்தால் ஓமத் தண்ணீர். பக்கத்திலிருந்த பிலிப்பினோ அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர்கள் ஊரிலும் ஏதோ விதையை மெல்லக் கொடுப்பார்களாம். இரண்டு பேரும் சிரித்ததில் ஆசிரியர் எங்கள் மேசைப் பக்கம் வந்துவிட்டார்.

அன்று மாலை வரலாற்று வகுப்பில் அந்தப் பேராசிரியர் எழுதிய முதல் வார்த்தையும் கொக்கிப்புழு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை வெள்ளையர்களும் கறுப்பர்களும் சோகை பிடித்துச் சோர்ந்து கிடந்தார்கள். சோம்பேறிகள் என்று பெயர். 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியலாளர் அங்கிருந்த கொக்கிப்புழு ஒரு தனி வகை என்று கண்டறிந்தார். பிறகு அதற்கு நெகேட்டர் அமெரிக்கானஸ் என்ற பெயர் நிலைத்தது. 'அமெரிக்கக் கொலைகாரன்' என்று அர்த்தம். சோம்பேறித்தனத்தின் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் 1909-இல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் இந்தப் புழுவை ஒழிக்கப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். பதினொரு தென்மாநிலங்களில் சோதித்துப் பார்த்தால், பள்ளிப் பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேர் வயிற்றில் இந்தப் புழு. ஊர் ஊராக மரத்தடியில் கூடாரம் போட்டு இலவச மருந்து கொடுத்தார்கள். ஜனங்கள் சாப்பாட்டுக் கூடையோடு குடும்பம் குடும்பமாக வந்து நாள் முழுக்க இருந்தார்களாம். அந்தப் புகைப்படங்களைப் பேராசிரியர் காட்டினார். நம் ஊர்க் கண் சிகிச்சை முகாம் மாதிரியே இருந்தது.

கொடுத்த மருந்து தைமால். அதோடு பேதிக்கு உப்பு. தைமால் என்றால் என்ன என்று போனில் தேடினேன். ஓமத்துக்கு அந்த வாசனையைக் கொடுக்கிற சரக்கே அதுதான். அன்றைக்குத் தைமால் எடுக்க முக்கியமான மூலப்பொருளே இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஓமம்.

அடுத்த படம் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவு. 1910 ஜனவரியில் அங்கே குடியேற்ற நிலையம் திறந்தார்கள். பசிபிக் கடல் தாண்டி வந்த சீனர்கள், ஜப்பானியர்கள், இந்தியர்கள் பலரை அங்கேதான் இறக்கினார்கள். வந்தவர்கள் மலம் கொடுக்க வேண்டும், அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொக்கிப்புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே ஆண்டு கொக்கிப்புழுவை 'ஆபத்தான தொற்றுநோய்' பட்டியலில் சேர்த்திருந்தார்கள். முட்டை தெரிந்தால் திருப்பி அனுப்பலாம். பணம் கட்டக்கூடியவர்களுக்கு மட்டும் தீவு மருத்துவமனையிலேயே சிகிச்சை பெறும் வாய்ப்பு கிடைத்தது. அப்போது வந்த இந்தியர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள், விவசாயிகள். அவர்கள் எல்லோருக்கும் ஆவணத்தில் 'இந்து' என்றே பெயர்.

இதில் என்னை உறுத்தியது இதுதான். கொக்கிப்புழு ஒருவர் தொட்டு இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை. முட்டை மண்ணில் விழுந்து பொரித்து, குட்டிப்புழு வெதுவெதுப்பான ஈர மண்ணில் பல நாள் கிடந்து வளர்ந்தால்தான் உண்டு. காலையில்தான் நான் அதை நோட்டில் வரைந்திருந்தேன், அம்புக்குறி போட்டு. 1910-இல் தீவில் மைக்ராஸ்கோப் பார்த்த டாக்டர்களுக்கும் அது தெரிந்திருக்கும். ஜார்ஜியா மாநிலத்து விவசாயி வயிற்றில் இருந்தால் பாவம், மருந்து கொடுக்க வேண்டிய நோய். பஞ்சாப் விவசாயி வயிற்றில் இருந்தால் கப்பலேற்ற வேண்டிய நோய். வகுப்பில் கையைத் தூக்கி இதைச் சொன்னேன். மூன்று மாதத்தில் நான் வாய் திறந்தது அன்றுதான். என் ஆங்கிலம் நடுவில் ஒருமுறை தடுக்கியது. பேராசிரியர், "இதையே உங்கள் கட்டுரையாக எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தப் பெயர் அகப்பட்டது. ஆன்டனி கமினெட்டி.

1913-இல் அதிபர் வில்சன் காலத்தில் குடியேற்றத் துறையின் தலைமை ஆணையராக வந்தவர். கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தவர், பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். 1914-இல் 'இந்துக் குடியேற்றம்' என்றே தலைப்பிட்டு நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியபோது, இந்தியர்களைத் தடுத்தே ஆக வேண்டும் என்று போய் நின்றவர். 1917-இல், வில்சனின் எதிர்ப்பையும் மீறி, ஆசியத் தடைப் பகுதி என்று ஒரு சட்டத்தில் கோடு கிழித்து இந்தியாவையும் அதற்குள் அடைத்தார்கள். அதற்குப் பிறகு 1946 வரை கதவு மூடித்தான் கிடந்தது. 1946-லும் என்ன, வருடத்துக்கு நூறு இந்தியர். உண்மையாகத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தில்தான்.

சரி, வில்லன் கிடைத்துவிட்டார் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் பொது மேசை ஒன்று உண்டு, பக்கத்தில் காபி மெஷின். கமினெட்டி அதற்கு முன் என்ன செய்தார் என்று பார்த்தேன். மாநில செனட்டர். 1907-இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார். உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரியின் முதல் இரண்டு வருடப் பாடங்களையும் தாங்களே நடத்தலாம் என்று அனுமதிக்கிற சட்டம். பல்கலைக்கழகம் தூரத்தில் இருக்கிறது, ஏழை வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய்த் தங்கிப் படிக்க முடியாது, ஆகவே அவரவர் ஊரிலேயே. அந்தச் சட்டத்தை வைத்து 1910-இல் ஃபிரெஸ்னோ நகரம் முதல் கல்லூரியைத் தொடங்கியது. இன்றைய 116 கல்லூரிகளும் அந்த விதையிலிருந்து வந்தவை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியும்தான்.

அந்த நாளில் அதற்கு மேல் ஒரு வரி எழுத முடியவில்லை. எழுந்து போய் ஒரு காபி வாங்கிக் குடித்தேன். இரண்டு டாலர், வாயில் வைக்க முடியாத காபி.

இதற்கெல்லாம் அவரை மன்னிப்பதா திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை, அது என் வேலையும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை என்று அவர் நினைத்தபோது கண்முன் வந்த முகத்தில் என் மாதிரி ஒருத்தி இல்லை, அவ்வளவுதான். தன் ஊர் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை இருந்திருப்பான். கட்டுரையில் இந்த இரண்டு சட்டங்களையும் அடுத்தடுத்த பத்திகளில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். பேராசிரியர் ஓரத்தில், "இங்கே நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டார்.

நர்சிங் படிப்பு இந்தக் கல்லூரிகளுக்குள் வந்த கதையையும் அப்போதுதான் படித்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. அதுவரை பெரும்பாலானவர்கள் மருத்துவமனைகளே நடத்திய பள்ளிகளில் மூன்று வருடம் கிடந்து, பாதி நேரம் சம்பளமில்லாத வேலையாட்களாகத்தான் படித்தார்கள். மில்ட்ரெட் மான்டேக் என்ற பேராசிரியை, இரண்டு வருடத்தில் கல்லூரிக்குள்ளேயே பயிற்சி கொடுக்கலாம் என்று 1951-இல் தன் ஆய்வில் எழுதினார். 1952-இல் ஏழு கல்லூரிகளிலும் ஒரு மருத்துவமனையிலும் சோதனை செய்து பார்த்தார்கள். அது நிலைத்தது. என் மாமனாரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவும் அந்த வழியில் வந்தவர்தான்.

கட்டுரைக்காகப் புழுவைத் துரத்திக்கொண்டு போனதில் வந்து சேர்ந்த இடம் நான் எதிர்பார்க்காதது. தென்மாநிலங்களில் வேலையை முடித்த ராக்ஃபெல்லர் ஆட்கள் உலகம் முழுக்கக் கிளம்பினார்கள். 1916-இல் அவர்கள் போன இடங்களில் ஒன்று இலங்கைத் தேயிலைத் தோட்டம். அங்கே கூலி வேலைக்குப் போயிருந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருச்சி, சேலம். அப்பத்தாவின் அப்பா கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பியவர். மண்டபம் முகாமில் ஆடு மாடு மாதிரி அடைத்து வைத்து, அம்மை குத்தி, அப்புறம்தான் கப்பலேற்றினார்கள் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தோட்டத்துரைகளுக்குப் புழு மேல் கோபம் வந்ததற்குக் காரணம் இரக்கம் இல்லை. சோகை பிடித்தவளால் நாளெல்லாம் கொழுந்து கிள்ள முடியாது. ஜார்ஜியாவில் பாவம், தீவில் குற்றம், தோட்டத்தில் நஷ்டக் கணக்கு. அந்தத் தாத்தாவின் வயிற்றில் புழு இருந்ததா, மருந்து குடித்தாரா, எதுவும் யாருக்கும் தெரியாது. போட்டோகூட இல்லை.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். ஏஞ்சல் தீவுக்குக் கூட்டிப் போனேன். எதிர்க்கரையில் டிபுரான் என்ற ஊரிலிருந்து சின்னக் கப்பல், காற்று முகத்தில் அறையும். அம்மா சேலை முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பழைய மருத்துவமனைக் கட்டிடத்தை இப்போது அருங்காட்சியகமாக மாற்றி 2022-இல் திறந்திருக்கிறார்கள். தங்குமிடத்துச் சுவர்களில் சீனர்கள் கத்தியால் செதுக்கிய கவிதைகள், ஒன்றன் மேல் ஒன்றாகப் பெயிண்ட் அடித்தும் மறையாமல் நிற்கின்றன. அம்மா அதையெல்லாம் விரலால் தடவப் போனார், காவலர் பெண் மெதுவாக, "வேண்டாம்மா" என்பதுபோல் தலையாட்டினார்.

வெளியே வந்து புல்தரையில் உட்கார்ந்தோம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஊர் வெயிலில் மின்னியது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார். நான் செருப்பைப் போடச் சொல்லி வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

"இங்க வச்சுத்தான் நம்ம ஆளுங்களச் சோதிச்சாங்களா?"

"ஆமாம்மா. வயித்துல புழு இருந்தா திருப்பி அனுப்பிட்டாங்க."

"புழுவுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கட்டிடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஏன்டி, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்டி வச்சிருந்திருக்கான். கொஞ்சம் ஓமத் தண்ணி வச்சுக் குடுக்கத் தெரியலையா அவனுக்கு?"

தைமால் பற்றி அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. மூன்றரை மணிக் கப்பலுக்கு வரிசை நிற்க ஆரம்பித்திருந்தது. டப்பாக்களை எடுத்துப் பையில் வைத்தேன்.